ரிஃபானாவின் தூங்காத கேமரா

தண்டையார்பேட்டையில் இருக்கும் ரிஃபானாவுக்கு ஸ்டூடியோ கிடையாது, வாசலில் போர்டும் கிடையாது. ஆனாலும் ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் என்றால், பெண்கள் பகுதியில் படமெடுக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். தன் திறமைக்காகக் கூப்பிடுகிறார்கள் என்று அவள் ஒருநாளும் நினைத்துக்கொண்டதில்லை. கேமராவுக்காகத்தான் கூப்பிட்டார்கள்.

அவள் புருஷன் தாவூது பர்மா பஜாரில் வாங்கி வந்த பழைய டிஜிட்டல் கேமரா அது. கைக்குள் அடங்கும். மூலைகளில் வெள்ளிப் பூச்சு உரிந்திருக்கும். மண்டபத்தில் பெண்கள் நுழையும் வாசலில் எல்லோருடைய போனையும் ஒரு கூடையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். யார் வீட்டுப் பெண்ணின் படமும் யாருடைய ஸ்டேட்டஸிலும் போய்விடக் கூடாதென்ற பயம். ரிஃபானாவின் கேமராவை மட்டும் உள்ளே விடுவார்கள்.

“இதுல நெட்டு கீதா?”

“நெட்டும் இல்ல, ப்ளூடூத்தும் இல்ல. படம் மட்டுந்தான் எடுக்கும் மாமி. முடிஞ்சதும் கார்ட உருவி உங்க கைலயே குட்த்துட்டுப் போய்டுவேன்.”

அந்தச் சோதனையில் இன்றைக்கு வரும் எந்தப் புதுக் கேமராவும் தேறாது.

கேமராவுக்கு ஒரே ஒரு கெட்ட குணம். ஒரு நிமிடம் சும்மா விட்டால் தூங்கிவிடும். ‘கிர்ர்’ என்று லென்ஸை உள்ளே இழுத்துக்கொண்டு, திரையையும் இருட்டாக்கிவிடும். கல்யாண வீட்டில் ஒரு நிமிடத்துக்குள் எந்தப் பெண் படத்துக்குத் தயாராகியிருக்கிறாள்? துப்பட்டாவைச் சரிசெய்து, பக்கத்தில் நிற்பவளின் துப்பட்டாவையும் சரிசெய்து, ‘இரு, என் மருமவளயும் கூப்புடறேன்’ என்று மூன்று பேரைச் சேர்ப்பதற்குள் ‘கிர்ர்’. ஒருமுறை புழலிலிருந்து வந்திருந்த ஒரு பெரியம்மாவுக்கு இது பெருத்த அவமானமாகிவிட்டது.

“இன்னாடி இது, எம் மூஞ்சியப் பாத்ததும் உள்ள இழுத்துக்கினு போவுது?”

அதனால் ரிஃபானா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஆட்கள் நின்று முடிக்கும்வரை பொத்தானை விரலால் லேசாகத் தொட்டுத் தொட்டு விடுவாள். கேமரா விழித்தபடியே இருக்கும். அவள் விரல் ஓயாமல் அசைவதைப் பார்த்த சிலர், வேலைக்கு நடுவிலும் அல்லாஹ்வின் பெயரை எண்ணி எண்ணித் திக்ர் ஓதுகிறாள் என்று அவளை மெச்சிக்கொண்டார்கள். அவளும் மறுக்கவில்லை.

தூங்கும் நேரத்தை மாற்ற முடியும் என்பது அவளுக்குத் தெரியாது. மெனுவைத் திறந்தால் எல்லாம் ஜப்பான் எழுத்து. ஏதாவது ஒன்றைத் தொட்டு இருப்பதும் கெட்டுவிடப்போகிறது என்று அந்தப் பக்கமே போகமாட்டாள்.

அவள் தங்கை ஆஃபியா வண்ணாரப்பேட்டையில் ஒரு மொபைல் கடையில் வேலை செய்கிறாள். ரிஃபானா அடுத்துப் படமெடுக்கவிருந்த, தமன்னா என்கிற பெண்ணின் கல்யாணத்துக்கு முந்தின வாரம் வந்தவள், அக்காவின் விரல் படும் பாட்டைப் பார்த்துவிட்டு கேமராவைப் பிடுங்கிக்கொண்டாள். மெனுவுக்குள் குருட்டுத்தனமாகப் புகுந்து, எப்படியோ இங்கிலீஷைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தூக்கத்தையும் கண்டுபிடித்தாள்.

“அக்கா, இங்க பாரு. ஒரு நிமிசம், மூணு நிமிசம், அஞ்சு நிமிசம், எப்பவுமே இல்ல. இன்னா வெக்கட்டும்?”

“எப்பவுமே இல்லன்னா?”

“தூங்கவே தூங்காது.”

“அதான் எனக்கு வோணும். அதயே வெய்யி.”

தமன்னாவின் கல்யாணம் கல்மண்டபத்துப் பக்கம் ஒரு மாடி மண்டபத்தில். போன் கூடைக்குக் காவல் மாப்பிள்ளையின் அம்மா மலிகா. வாட்டசாட்டமான பெண்மணி. அவள் பார்வை பட்டால், மறைத்து வைத்த போன்கூடத் தானாக வெளியே வந்துவிடும். தமன்னா அவளை இரண்டே முறை பார்த்திருந்தாள், இரண்டு முறையும் ஸலாம் சொன்னதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

அன்று காலை முழுக்க ரிஃபானாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. யார் எவ்வளவு நேரம் துப்பட்டா இழுத்தாலும் லென்ஸ் வெளியே நீட்டியபடியே நின்றது. நாஷ்டா சாப்பிடும்போதும், தெரிந்தவர்களிடம் கதை பேசும்போதும் கேமரா கழுத்தில் தொங்கிக்கொண்டு வெளிச்சமாக விழித்திருந்தது. இத்தனை வருடத்தில் அவள் அதைக் கையால் அணைத்ததே கிடையாது. அதுவேதான் தூங்கிவிடுமே! இனி அது தூங்காது, ஆகவே தான்தான் அணைக்க வேண்டும் என்கிற விஷயம் அவள் மூளையை எட்டவேயில்லை.

ஆண்கள் பக்கம் நிக்காஹ் முடிந்தது. மணப்பெண்ணுக்குத் தாலியாகக் கருகமணி கட்டுவதற்காக மலிகா மேடைக்கு வந்தாள். சுற்றிலும் பெண்கள் நெருக்கியடித்தார்கள். மலிகா கருகமணியை எடுத்துத் தமன்னாவின் கழுத்தருகே கொண்டுபோனாள்.

“இங்க பாருங்க மாமி… சிரிங்க…”

‘கிர்ர்.’

ரிஃபானா பொத்தானை அழுத்தினாள். அசைவில்லை. பேட்டரியைக் கழற்றி, பாவாடையில் தேய்த்து, திரும்பப் போட்டாள். சிவப்பாக ஒரு விளக்கு கண்ணடித்துவிட்டு அணைந்தது.

“நில்லுங்க மாமி! கட்டிடாதீங்க!”

“இன்னாம்மா ஆச்சி?”

“பேட்டரி பூட்ச்சி.”

சார்ஜர் வீட்டில் இருந்தது. ஒரு கல்யாணத்துக்கு ஒரு பேட்டரி எப்போதும் தாராளமாகக் காணும் என்பதால் அதை அவள் தூக்கி வந்ததே இல்லை. தாவூதுக்குப் போன் போடச் சொன்னாள். திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்து படுத்திருந்த அவன், மணி அடித்து ஓய்ந்தும் எழுந்திருக்கவில்லை. கல்யாணத்துக்கு வந்திருந்த ஆஃபியா வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டியில் பறந்தாள்.

யாரோ ஒருத்தி கூடையைப் பார்த்தாள். “ஒரே ஒரு போன எட்த்து ஒரே ஒரு படம்…”

அதுவரை தலைகுனிந்திருந்த மணப்பெண் நிமிர்ந்தாள். “போன்ல எட்த்தா நான் எந்திரிச்சு பூடுவேன். அது இன்னிக்கே எர்ணாவூர் வரிக்கும் சுத்தும்.”

மலிகா கருகமணியைப் பெட்டிக்குள் வைத்தாள். “பொண்ணு சொல்றது கரீட்டு. வெயிட் பண்ணலாம்.”

துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள் ரோட்டை அடைத்து நிற்கும் நேரம் அது. ஆஃபியா வருவதாகக் காணோம். எல்லோரும் ரிஃபானாவைப் பார்த்தார்கள். ரிஃபானா தரையைப் பார்த்தாள். அப்போது தமன்னா மிகச் சின்னக் குரலில், “மாமி, பசிக்குது” என்றாள்.

“காலைல துன்னலியா?”

“பயத்துல எறங்கல மாமி.”

“யாரப் பாத்து பயம்?”

தமன்னா ஓரக்கண்ணால் மலிகாவையே பார்த்தாள். மலிகாவுக்குப் புரிந்துவிட்டது. முதலில் முறைத்தாள், பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள். பிரியாணித் தட்டு வந்தது. மணப்பெண் கையில் நெருக்கமாக மோதிரங்கள், வளையல்கள். ஆகவே மலிகாவே பிசைந்து ஊட்டினாள். இரண்டாவது வாயிலேயே தமன்னா, “மாமி, பீஸு…” என்று நினைவூட்டினாள். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்து உருண்டார்கள். மகனுக்குச் சின்ன வயதில் நண்டு என்றால் எவ்வளவு பயம் என்பதை மலிகா சொல்ல, தமன்னா புரையேறிச் சிரித்தாள். ரிஃபானாவின் விரல் பழக்கதோஷத்தில் காற்றைத் தொட்டுத் தொட்டு விட்டது. எடுக்க வேண்டிய படமெல்லாம் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தது. கையில் செத்த கேமரா.

ஆஃபியா வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தாள். கை கழுவும் இடத்தருகே இருந்த பிளக்கில் சார்ஜரை மாட்டினார்கள். அதன் சிவப்பு விளக்கு பச்சையாகட்டும் என்று கொஞ்சநேரம் நின்று பார்த்த மலிகா பொறுமை இழந்தாள். “ஏறின வரிக்கும் போதும், எட்த்தா.”

“அக்கா, கொஞ்சந்தான் ஏறிகீது,” ஆஃபியா கிசுகிசுத்தாள். “ஸ்கிரீன்தான் சார்ஜ துன்னும், அத ஆஃப் பண்ணிட்டேன். பிளாஷும் வோணாம். மேல பாரு, சின்னதா ஒரு கண்ணாடி ஓட்ட கீது. அதுல கண்ண வெச்சு எடு.”

அப்படியொரு ஓட்டை எதற்காக இருக்கிறது என்பது ரிஃபானாவுக்கு அன்றுதான் தெரிந்தது. மணப்பெண்ணை ஜன்னலோரம் உட்காரவைத்தாள். “யாரும் துப்பட்டாவத் தொடக் கூடாது. நான் சொல்றவரிக்கும் கண்ண சிமிட்டக் கூடாது.” மண்டபமே கண்ணை விரித்து நின்றது. மலிகா கருகமணியைக் கட்டினாள். ரிஃபானா அழுத்தினாள், உடனே கேமராவை அணைத்தாள். மறுபடி போட்டாள், அழுத்தினாள், அணைத்தாள். அப்படியே கெஞ்சிக் கூத்தாடிப் பத்துப் பதினைந்து படம் தேற்றிவிட்டாள்.

மறுநாள் மலிகா போன் செய்தாள். குரலில் இடி.

“ரிஃபானா! படத்துல என் தல எங்க?”

அந்த ஓட்டையில் தெரிவது வேறு, லென்ஸ் பிடிப்பது வேறு. கிட்டத்தில் எடுத்தால் இரண்டும் பொருந்தாது. ஜன்னல் வெளிச்சத்தில் தமன்னாவின் முகம் அவ்வளவு அழகாக விழுந்திருந்தது. கருகமணி கட்டும் கைகளும் விழுந்திருந்தன. கைகளுக்குச் சொந்தக்காரிக்குத்தான் கழுத்துக்கு மேல் ஒன்றும் இல்லை.

“மன்னிச்சுக்குங்க மாமி… நம்ம பழைய கேமரா…”

“அந்தப் பேச்செல்லாம் வோணாம். நாளைக்கு வலிமா விருந்துக்கு வர்ற. நான் அவளுக்கு ஊட்டுனேன் பாரு, அத திரும்ப எடுக்கற. என் தலையோட.”

ரிஃபானா அன்றிரவு ஆஃபியாவோடு உட்கார்ந்து தூக்கத்தை மூன்று நிமிடத்துக்கு மாற்றினாள். யாரால் பேட்டரி போனது என்று இருவரும் ஒரு மூச்சு சண்டையும் போட்டு முடித்தார்கள். “நீதான வெய்யின்னு சொன்ன?” “நீ ஆஃப் பண்ணணும்னு சொன்னியா?”

வலிமாவில் மலிகா எல்லோரையும் ஒதுக்கி நிறுத்திவிட்டு, பிரியாணித் தட்டோடு மருமகள் எதிரே உட்கார்ந்தாள். தமன்னா அப்போதுதான் வயிறுமுட்டச் சாப்பிட்டுக் கை கழுவி வந்திருந்தாள்.

“மாமி, சத்தியமா பசியே இல்ல.”

“பசிக்கா ஊட்டுறேன்? படத்துக்குடி. வாயத் தொற.”

தமன்னா பாவமாக ரிஃபானாவைப் பார்த்தாள். ரிஃபானா திரையில் மலிகாவின் தலை முழுதாக இருக்கிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.