மரக்கிளை கட்டி இறக்கிய வண்டி

ஜமுனாமரத்தூரில் மெக்கானிக் கடை வைத்திருப்பவன் நான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அக்கா புருஷன் வேடியப்பன் தன் பழைய மோட்டார் பைக்கில் தனியாகச் சத்தீஸ்கர் காட்டுக்குப் போய்விட்டார். ஏழு வருஷமாகியும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

அங்கே நர்ஸாக இருந்த மகள் கல்பனாவிடமிருந்து ஒன்பது நாளாகப் போன் இல்லை. அதுதான் காரணம். ஊர் பெயர் தவிர ஒன்றும் தெரியாது, எந்தப் பாஷையிலும் எழுத்துக்கூட்டக்கூட வராது, ஆனாலும் சாமை விதைப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் நேராக என் கடைக்கு வந்து நின்றார். வண்டியைக் குனிந்து பார்த்தேன். இரண்டு பிரேக்கும் இல்லை. பின்னால் கயிற்றில் பாதி தேய்ந்த மரக்கிளை ஒன்று கட்டியிருந்தது.

"இன்னா மாமா இது?"

"போறப்பவே பிரேக்கு போய்ட்ச்சி மச்சான். நின்னா ஒரு நாள் போய்டும். எறக்கம் வந்தா கிளைய கட்டி இழுத்துகினே எறங்கினேன். நம்ம மலையில மாட்டு வண்டிய அப்டித்தானே எறக்கறோம்?"

"வர்றப்பவாச்சும் சரி பண்ணக்கூடாதா?"

"நீ இருக்கசொல்ல இன்னொருத்தன் கையில குடுப்பனா?"

ஸ்பானரை எடுத்துக்கொண்டு பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கல்பனா?" என்றேன்.

"நல்லாகீறா. டவருதான் இல்ல. அவகிட்ட ரயில்ல வந்தேன்னு சொல்லிகீறேன். கேட்டா நீயும் அதையே சொல்லு, மச்சான்."