யாங்கோன் படத்தில் ஆர்ச்சி எங்கே?

பழைய கால்பந்து ஆட்டக்காரர்களின் கதை என்றால் எந்த ஊருக்கும் கிளம்பிவிடுவேன். போன ஜனவரியில் யாங்கோன் போனதும் அப்படித்தான். ஆர்ச்சி என்ற ஸ்காட்லாந்துக்காரருக்காக.

நூறு வருடத்துக்கு முந்தைய ஆட்டக்காரர். இடது ஓரத்தில் ஆடத் தொடங்கி, நடுக்களத்துக்கு வந்து, தற்காப்பிலும் நின்றார். கோல்கீப்பருக்குக் காயம் என்றால் கோல் கம்பத்துக்கும் போனார். மாற்று ஆட்டக்காரரே கிடையாத காலம் அது! பிறகு ரங்கூனில், அதாவது இன்றைய யாங்கோனில், ஓர் அரிசி ஆலை வேலைக்கு வந்தார். அதோடு தடம் நின்றுவிட்டது. கிளாஸ்கோவில் இருக்கும் அவருடைய தம்பியின் பேத்தி எலன் எனக்குச் சொன்ன ஒரே அடையாளம், நுனி கிழிந்த இடது காது.

என் வலைப்பூவைப் படித்துவிட்டு, யாங்கோனின் லான்மடா பகுதியில் துணிக்கடை வைத்திருக்கும் தமிழ்ப் பெண் மா பாத்திமா ('மா' என்பது பர்மிய மரியாதைச் சொல்) எழுதினார்: "எங்க வீட்டுப் பழைய டீம் படத்துல ஒரு வெள்ளைக்காரர் இருக்காரு." போதாதா!

விடுதியிலிருந்து இரண்டே கிலோமீட்டர். நெரிசலில் டாக்சிக்கு நாற்பது நிமிடம். "நடந்திருந்தா முன்னாடியே போயிருப்பீங்க, அண்ணே" என்று தமிழரான ஓட்டுநரே சிரித்தார்.

கடைக்கு மேலே வீடு. படியேறும்போதே மின்சாரம் போய்விட்டது. கைபேசி வெளிச்சத்தில் படத்தைப் பார்த்தேன். கோட்டு போட்ட பருத்த வெள்ளைக்காரர், இரண்டு காதும் முழுசாக. மனசு உடைந்துபோனது.

"இவர் இல்லைங்க" என்றேன்.

பாத்திமாவின் மாமா யூசுப் எட்டிப் பார்த்தார். "அது மில்லு மேனேஜருல்ல? ஆட்டக்காரன் கீழ உக்காந்திருக்கான் பாருங்க."

தரையில், வெயிலில் கறுத்து, துறைமுகத் தமிழர்களோடு தமிழராக ஒருவர். வெறுங்கால். கிழிந்த காது! நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டார்.

"பூட்ஸ் ஏன் போடலை?" என்று யூசுப்பிடம் கேட்டேன்.

"மத்தவங்க கிட்ட இல்ல. நான் மட்டும் போட்டா மிதிபடுவீங்கன்னு கழட்டிட்டானாம். யாரு ஆட வரலையோ, அந்த எடத்துல அவன் நிப்பான்னு எங்க பாட்டனார் சொல்வாரு."

போகிறவர்களுக்கு: பயண எச்சரிக்கைகளைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கையில் டார்ச் இருக்கட்டும். நுனி மடங்காத டாலர் தாள்களே செல்லும். வீட்டுப் படங்களை அனுமதி கேட்டே எடுங்கள். தேநீர் கொடுத்தால் மறுக்காதீர்கள்.

பாத்திமாவிடம் கேட்டு, அங்கிருந்தே படத்தை எலனுக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் பதில் வந்தது.

"சிரிக்கிறார்! எங்களிடம் இருக்கும் ஒரு படத்திலும் அவர் சிரித்ததில்லை."