கதவைத் திறக்காமல் கடை திறந்தவர்

எங்கள் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடி செய்து கொடுப்பவருக்கு ‘அரைக்கண்’ என்று பெயர். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறுகண்ணால் வில்லையை வெளிச்சத்தில் பார்க்கும் வழக்கத்தால் வந்த பட்டம் அது. அவர் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. “ரெண்டு கண்ணையும் திறந்தா உங்க மூஞ்சியும் சேர்ந்து தெரியுதே” என்பார். முப்பத்தோராண்டு உழைப்பில் அவர் கட்டிய கட்டடத்தில் கீழே கடை, மேலே வீடு. கடைக்குள் இருக்கும் மரப்படிக்கட்டே வீட்டுக்கு ஒரே வழி. ஆகவே கடைக்குள் நுழையும் இருமல் எதுவானாலும் மேலே போகும். மேலே இருந்தவர் அவர் மனைவி. நுரையீரல் நோயால் இருமுறை மருத்துவமனையில் பிழைத்து வந்தவர்.

பெருந்தொற்றால் கடைகள் அடைக்கப்பட்டு எழுபது நாள் ஆயின. பிறகு, திறப்பதா வேண்டாமா என்பதை அந்தந்தத் தெருவே பேசி நகராட்சிக்கு எழுதித் தரலாம் என்று அறிவிப்பு வந்தது. நாடெங்கும் நடந்த வாக்குவாதம் எங்கள் தெருவுக்கும் வந்து சேர்ந்தது. திறக்கும் கட்சிக்குத் தலைவர் பாத்திரக்கடைக்காரர். மூடும் கட்சியில் நான் இருந்தேன். நில அளவைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் ஆதலால், கூட்டம் நடந்த பள்ளி மைதானத்தில் நாற்காலிகளுக்கு இடையேயான தூரத்தை நானே நாடா பிடித்து அளந்து போட்டேன். அதற்கு முன்பே மூடக் கோரி விண்ணப்பம் ஒன்றும் எழுதி அனுப்பியிருந்தேன்.

“அரைக்கண் வீட்டம்மாவை நினைச்சுப் பாருங்க. அவங்களுக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?” என்றேன்.

“அந்த அம்மாவுக்கு மருந்து வாங்கவே கடை திறந்தாகணும், ஐயா! ஓய்வூதியம் வாங்கறவங்களுக்கு வாய் பேசறது சுலபம்” என்றார் பாத்திரக்கடைக்காரர். என் காது சூடேறியது.

“ரெண்டு பேரும் என்னைத்தானே பேசறீங்க?” என்று மைதானத்து வாசல் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. முகக்கவசத்துக்கு மேல் துப்பட்டாவும் சுற்றிக்கொண்டு அந்த அம்மாளே நின்றிருந்தார். “நான் இன்னும் உசிரோடதான் இருக்கேன், அண்ணா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

நின்றபடியே அவர் தொடர்ந்தார்.

“கடை திறக்கணும். கதவு திறக்கக் கூடாது. அவ்வளவுதான் என் கட்சி.”

“கதவு திறக்காம கண்ணாடியை எப்படி மாட்டுவாரு? மந்திரம் போட்டா?” என்று பாத்திரக்கடைக்காரர் சிரித்தார்.

“எங்க கதவே கண்ணாடிதானே? அவரு வேலை உங்க கண்ணைப் பார்க்கறது. வெளியில நின்னா உங்க கண்ணு எங்கேயும் ஓடிடாது.”

பத்து நாள் அந்த அம்மாளின் முறையைச் சோதிப்பது, அதன் பின் முடிவெழுதுவது என்று கூட்டம் கலைந்தது. தோற்றால் தெரு மூடியே கிடக்கும்; அதைவிட, வேறு வழியின்றிக் கண்ணாடிக்காரர் கதவைத் திறந்துவிடுவாரோ என்ற அச்சம் எனக்கு இருந்தது.

முதல் வாடிக்கையாளர் பேருந்து ஓட்டும் அம்மாள். கண்ணாடி உடைந்திருந்தது, புதிது இல்லாமல் பணிக்குச் சேர இயலாது. மருத்துவர் தந்த சீட்டைக் கதவில் ஒட்டிக் காட்டினார். கண்ணாடிக்காரர் உள்ளிருந்தபடியே, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அவருடைய இரு கருவிழிகளின் நடுவையும் கதவின் மீது மைப்பேனாவால் குறித்து, இடைத்தூரத்தை அளந்தார். வில்லைகளின் நடு அந்தக் கருவிழிகளுக்கு நேரே அமைந்தால்தான் பார்வை சரியாக இருக்கும். நான்காம் நாள் கண்ணாடி தயாராயிற்று. அதை ஒரு பெட்டியில் வைத்து மாடிச் சன்னல் வழியே கயிற்றில் இறக்கினார்கள்.

அணிந்த அம்மாள் தடுமாறிச் சுவரைப் பிடித்தார். “தரை பள்ளமாத் தெரியுது! இதைப் போட்டுக்கிட்டு பஸ் ஓட்டினா நேரா உங்க கடைக்குள்ளதான் நிறுத்துவேன்.”

வில்லைகளை மும்முறை சோதித்தும் பிழை தென்படவில்லை. அன்று கண்ணாடிக்காரர் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றதைக் கண்டேன். என் தொழிற்புத்தி அப்போதுதான் விழித்தது. அந்த அம்மாளை முன்பு நின்ற இடத்திலேயே நிற்கச் சொல்லி அளந்தேன். முகம் கதவிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி இருந்தது. முகத்தின் மீதே அளந்து பழகியவர் இடையில் இருந்த அந்த வெளியைக் கணக்கில் கொள்ளவில்லை. தள்ளி நிற்கும் முகத்தைக் கதவில் குறித்தால் புள்ளிகள் நெருங்கிவிடும். இடைத்தூரம் ஆறு மில்லிமீட்டர் குறைந்திருந்தது.

“அப்போ அளவுகோலைக் கதவுல வைக்காதீங்க” என்று மாடிச் சன்னலிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “அவங்க நெத்தியில வைக்கச் சொல்லுங்க. அவங்களே பிடிச்சுக்கட்டும், நீங்க உள்ளேயிருந்து எண்ணைப் படிங்க.”

கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்தார். “இத்தனை வருஷமா இந்த மூளையை மாடியில வெச்சிருக்கேன், சார்!”

அப்படியே செய்தார். வலக்கண், இடக்கண் என மாற்றி மாற்றிப் பார்த்து எண்ணைப் படித்தார். ஒன்பதாம் நாள் புதிய கண்ணாடி இறங்கியது. பேருந்து அம்மாள் அணிந்தார், நடந்தார், திரும்பினார். பத்தாம் நாள் காலையில் சீருடையுடன் எங்கள் தெரு வழியாகப் பேருந்தை ஓட்டிச் சென்றார். மூன்று முறை ஒலியெழுப்பினார். பாத்திரக்கடைக்காரர் இரண்டு கைகளாலும் கும்பிட்டார்.

வாசலிலேயே வணிகம் செய்யக்கூடிய கடைகள் திறக்கலாம் என்று முடிவெழுதினோம். பாத்திரக்கடைக்காரர் முதல் ஆளாகத் தம் வாசலில் மேசை போட்டார். தொற்று அடங்கும்வரை கண்ணாடிக்காரர் மனைவி ஒருநாளும் மருத்துவமனைப் படி ஏறவில்லை. அதற்கு யாருக்கு நன்றி சொல்வதென்று கேட்டால் நான் எல்லோரையும் சொல்வேன், என்னோடு சண்டையிட்டவர்களையும் சேர்த்து. அவர்கள் விடாமல் பேசியிராவிட்டால் என் நாற்காலியில் நான் நிம்மதியாகத் தவறாகவே அமர்ந்திருப்பேன்.

முடிவு எழுதிய மாலையில், தெருவில் நின்று மாடியை நோக்கி, “உங்க நோயைச் சொல்லி விண்ணப்பம் எழுதிட்டேன். கேக்காம எழுதினது தப்பும்மா” என்றேன்.

“அதுல என் வயசு என்ன போட்டீங்க?”

“ஐம்பத்தெட்டு.”

“ஐம்பத்தஞ்சு, அண்ணா! மூடு, திறன்னு சண்டை போட்டதெல்லாம் போகட்டும். இதை முதல்ல திருத்துங்க.”

மறுநாள் முற்பகலிலேயே இரண்டாம் விண்ணப்பம் அனுப்பினேன். தெருவைத் திறக்கக் கோரினேன், வயதையும் திருத்தினேன். இம்முறை, அனுப்பும் முன் அவரிடம் வாசித்துக் காட்டினேன்.