வலது சக்கரம்

சோழவரத்தில் மோட்டார் பந்தயம் பார்த்த நாள்முதல் அவர் நடந்ததே இல்லை, வண்டிதான் ஓட்டினார். பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவர். ஐம்பது வயது, நரைத்த மீசை, சர்க்கரை வியாதி. வெறுங்கையால் இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பி, "டுர்ர்ர்" என்று நான் கம்பவுண்டராக இருந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைவார். அவர் சட்டையைப் பிடித்தபடி பின்னால் அவருடைய அக்கா வருவார்.

ஒருநாள் அக்கா பதறினார். "காச்சல் கொதிக்குதுபா. எங்க வலிக்குதுன்னா, இல்லன்றான்."

நான் அவரிடம் கேட்டேன். "வண்டி எப்டிண்ணா ஓடுது?"

"வலது சக்கரம் பஞ்சர்பா!"

வலது பாதத்தைத் தூக்கினால், சர்க்கரையால் மரத்துப்போன தோலில் முள் ஏறிச் சீழ் கட்டியிருந்தது. டாக்டர் கீறிவிட, நான் கட்டுப் போட்டேன். அவர் நகரவில்லை.

"காத்து?"

குனிந்து "புஸ் புஸ்" என்று அடித்தேன். வரிசையில் இருந்த ஆஸ்துமாக்காரரும் ஒரு புஸ் கொடுத்தார். வண்டி பறந்தது.

இன்று எனக்கும் சர்க்கரை. தினமும் பாதத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, யாரும் இல்லையென்றால், ஒரு "டுர்ர்ர்" விட்டுக்கொள்கிறேன்.