வயர் இல்லாத போன்

தொண்ணூறுகளின் கடைசியில் ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் நான் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தேன். ஆபீஸ் போனுக்கான வயர் சில்வர் ஓக் மரங்களைப் பிடித்துக்கொண்டே வந்தது. வருஷா வருஷம் கிளை கழிக்கும்போது அறுந்து போகும். முதலாளி எரிச்சலாகி அந்த போனையே சரண்டர் பண்ணிவிட்டு, இன்டர்நெட்டும் வரும் என்று எவனோ சொன்னதை நம்பி வயர்லெஸ் போன் வாங்கினார்.

ஆபீஸ் பள்ளத்தில் இருந்தது. சிக்னல் மேட்டுப் பாறையில்தான் கிடைத்தது. ஆன்டெனாவை அங்கே நட்டு, அங்கிருந்து ஆபீஸ் வரைக்கும் வயர் இழுத்தார்கள், அதே மரங்களில் கட்டி.

"ஏனுங்க, வயர் இல்லாத போனுன்னு சொன்னீங்களே?" என்று முதலாளியிடம் கேட்டேன்.

"அது வேற, இது வேற" என்றார், படித்த மனுஷரான முதலாளி.

கம்ப்யூட்டரில் காபி விலை பாதி தெரிவதற்குள் லைன் போய்விடும். ஆனாலும் பங்களாவுக்கு வந்தவர்களிடம் எல்லாம் முதலாளிக்கு வயர்லெஸ் பெருமைதான்.

அடுத்த முறை கிளை கழித்தபோது அந்த வயரும் அறுந்தது. போனில் புகார் சொல்ல என்னை ஏற்காட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டார். அங்கே எஸ்டிடி பூத்தில் இருந்தது பழைய வயர் போன். முதல் தடவையே லைன் கிடைத்தது.