புனிதர் காலடியில் ஒரு பித்தளைப் பூட்டு

எங்கள் சின்னம்மாவுக்குத் தெருவில் வைத்த பெயர் லவுட்ஸ்பீக்கர். வைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவள் காதில் விழுந்த சேதி, அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் நாலு வீடு போய்ச் சேரும். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையோ, தேவாலயத்தில் புனித ரேமண்டின் பீடத்தைத் துடைத்து வைப்பது!

ரேமண்ட் பல நூறு வருடங்களுக்கு முந்திய துறவி. அடிமைகளை மீட்கப் போய், தானே பிணையாக நின்றவர். அங்கேயும் பிரசங்கத்தை விடாததால், உதட்டைத் துளைத்து வாயில் பூட்டுப் போட்டார்களாம். அதனால் ஊர்வாயை அடைக்க நினைப்பவர்கள் அவர் காலடியில் ஒரு பூட்டை வைத்து வேண்டிக்கொள்வார்கள். அந்தப் பூட்டுகளை வாரக் கடைசியில் கூடையில் அள்ளுவது சின்னம்மா. "இது மாமியாருக்கு, இது பக்கத்து வீட்டுக்காரிக்கு" என்று ஜோசியம் வேறு சொல்வாள்.

அன்று ஒரு சின்னப் பித்தளைப் பூட்டில் அவள் கை நின்றுவிட்டது. அடிப்பக்கம் நசுங்கிய பூட்டு. நசுக்கியதே அவள்தான், ஒருமுறை சாவியைத் தொலைத்துவிட்டுச் சுத்தியலால் போட்ட அடி. கல்யாணமாகி மகள் கொண்டுபோன பெட்டியில் தொங்கிய பூட்டு அது.

மகள் யார் வாயை அடைக்கிறாள்? மருமகனிடம் ஒரு வார்த்தை பிடுங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். அவனாக இருக்காது. சின்னம்மா உட்கார்ந்தாள், எழுந்தாள், துடைத்த இடத்தையே துடைத்தாள். ரேமண்டிடம் கர்ப்பிணிகளும் வந்து வேண்டுவார்கள் என்பது அப்புறம்தான் உறைத்தது. போன முறை மகள் உண்டானதை இரண்டாம் மாதமே தெரு முழுக்கச் சொன்னவள் இவள். கரு தங்கவில்லை. துக்கம் விசாரிக்கத் தெருவே வந்தபோது, மகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு திறக்கவே இல்லை. அதிலிருந்து போனில் "ம்", "சரி"யோடு சரி.

'அப்போ, பெத்தவ வாய்க்கா பூட்டு?' பூட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பஸ் ஏறினாள். இருப்புக் கொள்ளாமல் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாள்.

கதவைத் திறந்த மகளுக்கு வயிறு நன்றாகத் தெரிந்தது. சின்னம்மா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினாள். காய்ந்த துணியை மடித்தாள், பிரித்து மறுபடி மடித்தாள். மகள் பின்னாலேயே வந்தாள்.

"யாரும்மா சொன்னா?"

சின்னம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

"பூட்டைப் பாத்துட்டியா? கோவமா?"

அதற்கும் தலையாட்டல்தான். மகள் அவள் கையிலிருந்த துணியைப் பிடுங்கினாள்.

"உன் வாய்க்குத்தாம்மா வச்சேன். ஆனா இப்படி நிக்காத. அன்னைக்கு ஸ்கேன் ரூம்ல எல்லாரும் இப்படித்தான் பேசாம நின்னாங்க. பயமா இருக்கும்மா. ஏதாவது பேசு!"

"கால் வீங்குதாடி?" என்று தொடங்கினாள் சின்னம்மா. இருட்டும்வரை நிறுத்தவில்லை. ஊர்க்கதை ஒன்று பாக்கியில்லை. மகள் அவள் மடியில் தலைவைத்துக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாளாம்.

இதெல்லாம் பிறகு சின்னம்மாவே சொன்னது. குழந்தை பிறந்து, அழுகைச் சத்தம் கேட்ட பிறகுதான் தெருவுக்கே சேதி வந்தது. கூடப்பிறந்த அக்கா மகள் நான், எனக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.