சாப்பிட்ட பின் எழும்பக் கூடாது

என் கையிலிருந்த தட்டைப் பிடுங்கி முதலாளி அம்மா மறுபடியும் மேசையில் வைத்தார். வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் நாள் அது. சிட்னியில் ஒரு ஸ்பானிய உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவ என்னை எடுத்திருந்தார். அகதியாகப் படகில் வந்து, தடுப்பு முகாமில் ஒன்றரை வருடம் கிடந்து, 2012இல் தற்காலிக விசாவோடு கிடைத்த முதல் வேலை. அதுவும் போச்சு என்று நினைத்தேன்.

மதிய வியாபாரம் முடிந்து மூன்று மணிக்கு எல்லோரும் அவரோடு ஒரே மேசையில் சாப்பிடுவோம். சாப்பாடு இருபது நிமிடம்தான். அதற்குப் பிறகு கோப்பியும் கதையுமாக ஒரு மணிநேரம் போகும். சோப்ரெமேசா என்பார்கள். ஸ்பெயினில் அதை விட்டு எழும்புவது சமைத்தவரை அவமதிப்பது போலவாம். நமக்கோ சாப்பிட்ட கை காயக் கூடாது. ஐந்தே நிமிடத்தில் விழுங்கிவிட்டுக் குழாயடிக்கு ஓடிவிடுவேன். சிட்னியின் மெரிலேண்ட்ஸ் பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த ஊர்க்கார அண்ணர் வேறு, “தம்பி, அங்க போய் வாயைத் திறக்காத. ஏதும் கேட்டா, வேலை கிடக்கெண்டு எழும்பிப் போ” என்று சொல்லி அனுப்பியிருந்தார். உண்மையில் எனக்குக் கேள்வி என்றாலே பயம். முகாமில் கேட்டவர்கள் எல்லோரும் எழுதிக்கொண்டுதான் கேட்டார்கள். ஒரு சொல் மாறினால் பொய்யன் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

“சமையல் பிடிக்கவில்லையா, எங்களைப் பிடிக்கவில்லையா?” என்று முதலாளி அம்மா ஆங்கிலத்தில் கேட்டார். முகம் சிவந்திருந்தது.

பாத்திரம் குவிந்து கிடக்கிறது என்றேன்.

“அது எங்கும் ஓடாது. இரு. உன் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் யார் அதிகம் குழப்படி?”

தங்கச்சி என்றேன். அவள் செத்த நாளையும் இடத்தையும் மூன்று அதிகாரிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். இதை ஒருவரும் கேட்டதில்லை. பாவற்காய்க் கறி வைக்கும் நாளில் தன் பங்கை நைசாக என் தட்டில் தள்ளிவிட்டு, “அண்ணாவுக்குப் பாவற்காய் எண்டா உயிர், அம்மா” என்பாள். அம்மா நம்பிவிடுவார். அதன் பிறகு எனக்கு எப்போதும் இரண்டு மடங்கு. சொல்லி முடிக்க மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் போன பிறகு அவளை நினைத்துச் சிரித்தது அன்றுதான்.

இப்போது சிட்னியிலேயே கிரவீனில் சொந்த வீடு. விருந்தாளி எவரையும் சாப்பிட்டவுடன் எழும்ப விடுவதில்லை. மனைவி முறைப்பாள், நான் கண்டுகொள்வதில்லை. ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் இன்றைக்கும் கேட்கிறார்:

“தம்பி, அங்க பாவற்காய் கிடைக்குதோ?”

“ஓம் அம்மா, நல்லாக் கிடைக்குது” என்கிறேன். தங்கச்சியைக் காட்டிக்கொடுக்க மனம் வருவதில்லை.